கடைசி வரிசைக்காரன்

என் தம்பி படம் பார்த்துவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவான். வாசலில் நின்றபடியே, "மூணு எக்ஸிட்க்கா" என்பான். அதற்குப் பிறகுதான் கால் உள்ளே வரும்.

தியேட்டரில் கதவுக்கு மேலே சிவப்பாக எரிகிற எக்ஸிட் பலகைதான் அவனுடைய அளவுகோல். படம் ஓடும்போது எத்தனை தடவை கண் அந்தப் பலகைக்குப் போகிறதோ அத்தனை எக்ஸிட். ஒன்று என்றால் நல்ல படம். ஐந்து என்றால் சுமார். பெரிய நடிகர் ஒருவரின் படத்துக்குப் பதினேழு கொடுத்தான். "கடைசி அரை மணி நேரம் பலகையத்தான்க்கா பாத்துட்டிருந்தேன். படத்துல அதோட நடிப்புதான் நல்லா இருந்துச்சு" என்றான்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டான். ஒரே கூரையின் கீழ் எட்டு பிரஸ் மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு நாற்பது தடவை இறங்கி ஏறும். அங்கே யாரும் பேசுவதில்லை. கத்துவார்கள், இல்லையென்றால் கையால் சொல்வார்கள். மெஷின்கள் நிற்கும் பத்து நிமிடத் தேநீர் நேரத்தில்தான் மனிதக் குரல் கேட்கும். அந்தப் பத்து நிமிடமும் என் தம்பிக்குச் சொந்தம். அந்த வாரத்துப் படத்தை அலசிப் போடுவான். அதனால் பட்டறையில் அவன் பெயர் 'இடைவேளை'.

"டேய் இடைவேளை, இந்தப் படத்துக்கு வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போலாமா?" என்று மேஸ்திரி ஒருமுறை கேட்டாராம்.

"தாராளமா போங்கண்ணே. ரெண்டரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசிக்காம உட்காரலாம். அதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு."

இதையெல்லாம் இணையத்தில் போடலாமே என்று சொன்னது நான்தான். அவன் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவான். பின்னால் யாரும் நாற்காலியை உதைக்க மாட்டார்கள் என்பது அவன் சொல்லும் காரணம். அதனால் பக்கத்துக்குக் 'கடைசி வரிசைக்காரன்' என்று பெயர் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் சமையலறைத் தரையில் தட்டோடு உட்கார்ந்து பேசுவான். நான் அடுப்புத் திண்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதுவேன். எனக்கு எழுத வரும், நாலு பேர் நடுவில் பேச வராது. அவனுக்கு நேர்மாறு. மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றில் பிறப்புச் சான்றிதழ்களையும் சொத்துப் பத்திரங்களையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது என் வேலை. தம்பி பேசுவதை எழுதும்போதும் அதையேதான் செய்தேன். அவன் "செம மொக்கக்கா" என்பதை நான் 'திரைக்கதை தொய்வடைகிறது' என்று எழுதுவேன். வாசித்துக் காட்டினால் தட்டை வைத்துவிட்டுச் சிரிப்பான்.

"நான் இவ்ளோ படிச்சவனாக்கா? அம்மாகிட்ட சொல்லு, பொண்ணு பாக்கும்போது உதவும்."

இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று விமர்சனங்கள் போட்டோம். ஆயிரத்துச் சொச்சம் பேர் படித்தார்கள். அவன் சொன்னால் போவார்கள், சொல்லாவிட்டால் போக மாட்டார்கள். அவனைப் பார்த்திராத ஆயிரம் பேர் அவன் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். அவனிடம் தனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அந்த விமர்சனங்களில் சத்தத்தைப் பற்றிய புகார் எப்போது தொடங்கியது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. "இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்கக்கா. மியூசிக் மட்டும் திம் திம்முனு மண்டைல அடிக்குது" என்பான். நானும் அதை அழகாக எழுதிவிடுவேன். படிக்கிறவர்களும் ஒத்துக்கொண்டார்கள். 'உண்மை தலைவா, எங்க ஊர் தியேட்டர்லயும் அதே கதைதான்' என்று பத்துப் பேராவது எழுதுவார்கள். எல்லோருக்கும் அந்தக் குறை இருந்ததால் அவனுக்கு மட்டும் வேறு குறை இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

நடுவில் அவன் இடம் மாறினான். கடைசி வரிசையை விட்டு நடுவுக்கு வந்தான். பிறகு முன்னாலிருந்து மூன்றாவது வரிசைக்குப் போனான். "படம்னா அண்ணாந்து பாக்கணும்க்கா, அப்பதான் மரியாதை" என்றான். கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைச் சொன்னான். 'கடைசி வரிசைக்காரர் மூணாவது வரிசைக்கு வந்துட்டாராமே, அடுத்து ஸ்க்ரீனுக்குள்ளயே போயிடுவாரா?' என்று ஒருவர் கேலி செய்திருந்தார். எங்கள் இருவருக்கும் அன்றைக்கெல்லாம் அதே சிரிப்புதான்.

வீட்டில் அம்மா தினமும் கத்துவார். "எத்தன வாட்டிடா கூப்பிடறது? காது என்ன செவிடா?" எல்லா வீட்டிலும் எல்லா அம்மாக்களும் சொல்கிற வார்த்தை. தலைமாட்டில் போன் கூவிக்கொண்டே இருக்கும், அவன் புரண்டுகூடப் படுக்க மாட்டான். பக்கத்து அறையில் இருக்கும் நான் போய் அணைப்பேன். "கும்பகர்ணனுக்குத் தம்பி" என்பேன். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தால், "தெருவுக்கே படம் காட்டறியா?" என்று அம்மா ரிமோட்டைப் பிடுங்குவார். உண்மையை நாங்கள் தினமும் வாய்விட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், திட்டாகவும் கேலியாகவும்.

பிறகு அந்தப் படம் வந்தது.

ஓர் அப்பாவும் மகளும். மகள் சின்னவளாக இருக்கும்போது பள்ளி விட்டு சைக்கிளில் வருவாள். தெருமுனை திரும்பியதும் மணியை மூன்று தடவை அடிப்பாள். அப்பா போய்க் கதவைத் திறப்பார். வளர்ந்த பிறகு இருவருக்கும் ஒரு வார்த்தை தடித்து, அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். வருடங்கள் ஓடுகின்றன. கடைசிக் காட்சியில் அப்பா வீட்டைக் காலி செய்து பூட்டிவிட்டுப் பெட்டியோடு நடக்கிறார். பாதித் தெருவில் நிற்கிறார். திரும்பி வருகிறார். பூட்டைத் திறந்து, கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் படியில் உட்காருகிறார். அத்துடன் படம் முடிகிறது.

"ரெண்டு மணி நேரம் எக்ஸிட் பக்கமே கண்ணு போகலக்கா" என்றான் தம்பி. "கடைசில கவுத்துட்டாங்க. பெரியவர் எதுக்குத் திரும்பி வர்றாரு? பொண்ணு போன் பண்ணல, கடுதாசி வரல, சும்மா திரும்பி வர்றாரு. நம்மள என்ன மடையன்னு நெனச்சானா அந்த டைரக்டர்?"

நான் எழுதினேன்: 'அவர் திரும்பி வருவதற்கான காரணம் கதையில் எங்கும் இல்லை. முடிவை எழுத இயக்குநருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். நான்கு எக்ஸிட்.'

மறுநாள் மதியத்துக்குள் இருநூறு பதில்கள். 'தலைவா, கிளைமாக்ஸ்ல தூங்கிட்டீங்களா?' 'சைக்கிள் மணி அடிக்குதே, அதான்யா காரணம். மொத்தப் படமும் அந்த மணிலதான் இருக்கு.' 'மணி எக்ஸிட் போர்டுல அடிக்கல, அதான் இவருக்குத் தெரியல.' இவற்றை அவன் தாங்கிக்கொண்டான். முதல் விமர்சனத்திலிருந்து படித்துவந்த ஒரு பெண், 'படத்தை ஒழுங்காகப் பார்க்காமலே எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இத்தனை நாள் உங்களை நம்பினேன்' என்று எழுதியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

பட்டறையிலும் விடவில்லை. "ஏண்டா இடைவேளை, என் பொண்ணு அழுதழுது மூக்கெல்லாம் செவந்து வந்தா. நீ காரணமே இல்லங்கற?" என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அன்று தேநீர் நேரத்தில் வேறு யாரோ பேசினார்களாம்.

"ஒரு மணியும் அடிக்கலக்கா" என்று வந்து நின்றான். "சைக்கிளே காட்டல. எல்லாரும் சேந்து கத விடறாங்க."

"போன் பாத்திருப்ப."

"தியேட்டர்ல? நான்?" அடித்தால்கூட அவன் முகம் அப்படிச் சுருங்கியிருக்காது. "நீயும் வா. உன் காதால கேளு. அடிக்குதுன்னு நீ சொன்னா, நான் தப்புன்னு எழுதிட்டு இந்த விமர்சன வேலையையே விட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். மூன்றாவது வரிசை. எனக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவன் கைப்பிடியில் இரண்டு கைகளையும் வைத்து, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கடைசிக் காட்சி வந்தது. பெரியவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். அப்போது தம்பி செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் முழுக்கத் திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்தான்.

திரையில் வெறும் தெரு. எங்கோ தூரத்திலிருந்து, மெல்லிசாக, ஆனால் கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டது போலத் தெளிவாக மணி அடித்தது. ஒன்று. இரண்டு. சற்று விட்டு மூன்று. கூடத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. என் கண்ணும் நிறைந்துவிட்டது. படத்துக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் வெளிச்சம் கன்னத்தோரம் மட்டும் பட்ட அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கேட்டான்.

"அடிச்சுதா?"

"இல்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு வார்த்தையால் அவன் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போய்ச் சேரலாம் என்று தோன்றியது.

"சரி" என்றான். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பு நுனியால் ஒரு மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே, "எத்தன தடவக்கா?" என்றான்.

பேருந்து வருகிறதா என்று பார்ப்பது போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உனக்குப் பொய் சொல்ல வரல. கண்ண ஈரமா வெச்சுகிட்டு இல்லங்கற. நான்தான் பாத்தேனே. மொத்த தியேட்டருக்கும் ஒரே நேரத்துல மூஞ்சி மாறுச்சு. ஒரு தாத்தா வாயில கைய வெச்சுகிட்டாரு. அவங்களுக்கு என்னமோ வந்துச்சு, எனக்கு வரல. எத்தன தடவ?"

"மூணு."

"மூணும் எனக்கு வரல" என்றான். சொல்லிவிட்டு, வலது காதை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தான், கடிகாரம் நின்றுவிட்டால் தட்டிப் பார்ப்பது போல.

அந்த வாரமே காது மருத்துவரிடம் போனோம்; அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்த்தேன். தம்பியைக் கண்ணாடிப் பெட்டி போன்ற ஓர் அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தடித்த சத்தங்களுக்கு அழுத்தினான். சத்தம் மெலிந்து உயர உயர அவன் விரல் சும்மா கிடந்தது. வரைபடத்தில் கோடு முதலில் தரையாக ஓடிப் பிறகு பள்ளத்தில் விழுந்திருந்தது. மணி, குருவி, விசில், குழந்தைகளின் குரல், பெண்களின் பேச்சு எல்லாம் அந்தப் பள்ளத்தில் இருப்பதாக மருத்துவர் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னதும் தலையை ஆட்டினார். எப்போதிலிருந்து இப்படி என்று அடுத்துக் கேட்டார்.

"தெரியலயே" என்றான் தம்பி.

எனக்குத் தெரியும் என்றேன். போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து, கடைசி விமர்சனத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். 'குழந்தை நட்சத்திரத்தின் உச்சரிப்பில் தெளிவில்லை.' ஐந்து மாதத்துக்கு முன்னால். 'நாயகியின் வசனங்கள் மூடுபனிக்குள்ளிருந்து வருவது போல.' ஒன்பது மாதம். 'காட்டுக் காட்சிகளில் இயற்கை ஒலிகளே இல்லாதது பெருங்குறை.' பதினான்கு மாதம். அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். காடு முழுக்கப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் வேறு வேறு தியேட்டரில் பார்த்ததால் இருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவர் தேதிகளைக் குறித்துக்கொண்டார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி வைத்துக்கொண்டு வந்ததில்லை என்று பாராட்டினார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. 'மூடுபனிக்குள்ளிருந்து' என்பது என் வார்த்தை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவன் சொன்னது, "பொண்ணுங்க பேசறதே கேக்கலக்கா" என்பதுதான். அதை அப்படியே எழுதியிருந்தால் ஆயிரம் பேரில் ஒருவராவது, 'தம்பி, போய்க் காதைக் காட்டு' என்று சொல்லியிருப்பார்.

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். காதை அடைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாதா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டதும் தம்பி சிரித்தான்.

"அடைப்பான் குடுத்தாங்கக்கா, டப்பா டப்பாவா கெடக்கு. யாரும் போட மாட்டோம். தகடு கோணலா போனா மெஷின் சத்தம் மாறும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் கைய இழுப்போம். காத அடைச்சா வெரல் போயிடும்."

நான் அதை மருத்துவருக்குச் சொன்னேன். அவர் வரைபடத்தை மடித்துக் கொடுத்தார்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "நெதமும் சொன்னேனேடி" என்றார். "என் வாயாலயே நெதமும் சொன்னேனே." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த வார்த்தை இல்லை. அவனைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் அம்மா எழுந்து போய்த் தோளைத் தொடுகிறார்.

மேஸ்திரி அவனை மெஷினிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பக்கம் போட்டார். அங்கே சத்தம் குறைவு. காதை மூடிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் பெட்டி கட்டுகிறவர்களுக்குத் தேநீர் நேரம் வேறு. புதிய ஆட்களுக்கு அவன் பட்டப்பெயர் தெரியாது. காதுக் கருவி வந்தது. வீட்டில் பரவாயில்லை. தியேட்டரில் போட்டால், "எல்லாத்தையும் தகர டப்பாக்குள்ள போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு" என்று கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மூன்று மாதம் படமே பார்க்கவில்லை. எங்கள் இணையப் பக்கத்தில் புதிதாக எதுவும் போடவில்லை. 'ஒரு சைக்கிள் மணிக்கே ஓடிட்டாரு' என்று யாரோ போட்டிருந்ததை மட்டும் நான் அவனுக்குத் தெரியாமல் அழித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனாகவே, "வாக்கா, ஒரு படம் போலாம்" என்றான். டிக்கெட் வாங்கும் இடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் விரலைப் பின்னால் காட்டினான். கடைசி வரிசை.

"முன்னாடி உட்காரலாமே?" என்று அவனுக்குத் தெரியும்படி முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்க உட்காந்தா என்ன? இங்கன்னா எல்லார் தலையும் தெரியும். சிரிச்சா தோள் குலுங்கும். பயந்தா தல ஒண்ணு சேரும். எங்க சத்தம் வருதுன்னு அதுலயே புடிச்சுக்கலாம்."

படம் முழுக்க அவன் கண் திரைக்கும் தலைகளுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. எக்ஸிட் பலகையைப் பார்க்க அவனுக்கு நேரமே இருக்கவில்லை. ஒரு இடத்தில் கூடமே சிரித்தது. அவன் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தான். என்ன சிரிப்பு என்று என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். நான் மடிக்கணினியைத் திறந்தேன். அன்று பார்த்த படத்தைப் பற்றி அவன் பேச்சை எடுக்கவில்லை.

"அந்தப் பழசு இருக்கா, சைக்கிள் படம்? அழிச்சுட்டியா?"

"இருக்கு."

"அழிக்காத. நாலு எக்ஸிட்டும் இருக்கட்டும். கீழ மட்டும் போடு." நான் விசைகளில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடித்ததும், "நீ நல்லா மாத்தி எழுதிக்க" என்றான்.

நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அது இப்போதும் அங்கே அப்படியே இருக்கிறது.

'கடைசி சீன்ல ஒரு சைக்கிள் மணி அடிக்குதாம். மூணு தடவ. கேட்டவங்க சொன்னாங்க. நான் நம்பறேன்.'